டி7200-ஆ, டி7500-ஆ? நிக்கானின் தொடக்கநிலை கேமராவிலிருந்து அடுத்த படிக்குச் செல்வோருக்கு

நிக்கானின் டி3300, டி3500, டி5300, டி5600 போன்ற தொடக்கநிலை டிஜிட்டல் எஸ்எல்ஆர் ஒன்றைச் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு அடுத்த கேமராவைத் தேடுபவர், பெரும்பாலும் இரண்டு மாடல்களுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார். ஒன்று 2015 மார்ச்சில் அறிமுகமான டி7200. மற்றொன்று 2017 ஏப்ரலில் அறிமுகமான டி7500. எண்ணில் பெரியதையும் ஆண்டில் புதியதையும் எடுத்துக்கொள்வதே இயல்பு என்றாலும், இந்த இரண்டின் விஷயத்தில் அந்தக் கணக்கு அவ்வளவு நேராகப் போவதில்லை. டி7500-க்கு நிக்கான் தன் உயர்நிலை டி500 கேமராவின் சென்சாரைக் கொடுத்தது. அதே கையோடு, டி7200-இல் இருந்த இரண்டாவது மெமரி கார்டு இடத்தையும், கையால் ஃபோகஸ் செய்யும் பழைய மேனுவல் லென்ஸ்களின் அபர்ச்சரை (ஒளி நுழையும் திறப்பின் அளவை) அறிந்துகொள்ளும் நெம்புகோலையும், கூடுதல் பேட்டரிக்கான கிரிப் இணைப்பையும் எடுத்துவிட்டது. ஆகவே இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விரும்புபவர் விவரக்குறிப்பு அட்டவணையைத் திறப்பதற்கு முன், இப்போது கையில் இருக்கும் கேமரா தன்னை எந்த இடத்தில் கைவிட்டது என்பதைக் கண்டறிய வேண்டும்.

முதலில் ஒதுக்கிய படங்களைத் திறந்து பாருங்கள்

கடந்த ஓராண்டில் எடுத்துப் பிடிக்காமல் ஒதுக்கிய படங்களைக் கணினியில் வரிசையாகத் திறந்து, ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் அசைந்ததால் மங்கியதா, ஃபோகஸ் கண்ணுக்குப் பதிலாகப் பின்னால் இருந்த சுவரில் விழுந்ததா, வெளிச்சம் குறைந்து ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண்) ஏறியதால் முகமெல்லாம் புள்ளியாக வந்ததா, அல்லது சரியான கணம் வந்தபோது கேமரா முந்தைய படங்களைக் கார்டில் எழுதிக்கொண்டு நின்றுவிட்டதா என்று பிரித்தெழுதினால், சிறிது நேரத்திலேயே ஏதாவது ஒரு காரணம் மற்றவற்றைவிட அடிக்கடி வருவது தெரிந்துவிடும். அந்தக் காரணமே உங்கள் தேர்வை நடத்த வேண்டும்.

இருட்டும் புள்ளியும்தான் முதன்மைக் குறை என்றால், அந்தப் படங்கள் கேமராவுடன் வந்த 18-55 லென்ஸில் எடுக்கப்பட்டவையா என்று பாருங்கள். அந்த லென்ஸ் 35 மி.மீ. நிலையில் ஏறத்தாழ எஃப்/4.5 அளவுக்குத்தான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). நிக்கானின் 35 மி.மீ. எஃப்/1.8ஜி டிஎக்ஸ் லென்ஸ் அதே கோணத்தில் ஏறத்தாழ ஆறு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்ட இடத்தில் 1000 போதும். டி7200, டி7500 இரண்டில் எந்த பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) உங்கள் பழைய பாடியோடு ஒப்பிடும்போது இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தராது. இப்படிப்பட்ட குறை மட்டுமே உள்ளவர் லென்ஸை வாங்கிக்கொண்டு, பாடி வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைப்பது நல்லது. விற்பனையாளர்கள் இதை எளிதில் சொல்லமாட்டார்கள்.

எதை வாங்கினாலும் கிடைப்பவை

ஃபோகஸும் வேகமும்தான் குறை என்று தெளிவாகிவிட்டால், இரண்டில் எதை எடுத்தாலும் முன்னேற்றம் உறுதி. தொடக்கநிலை கேமராக்களில் கண்ணாடிகளால் ஆன வியூஃபைண்டர் சட்டத்தின் 95 விழுக்காட்டையே காட்டும். இவை இரண்டிலும் உண்மையான பென்டாபிரிசம் (ஒரே கண்ணாடிக் கட்டி) இருப்பதால் காட்சி பெரிதாகவும் முழுமையாகவும் தெரியும். டி3500-இல் 11 ஃபோகஸ் புள்ளிகள், அவற்றில் ஒன்று மட்டுமே கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் உணரும் குறுக்கு வகை. டி5300-இல் 39, அவற்றில் 9 குறுக்கு வகை. டி7200, டி7500 இரண்டிலும் 51 புள்ளிகளும் 15 குறுக்கு வகைப் புள்ளிகளும் உள்ளன. ஷட்டர் வேகத்துக்கும் அபர்ச்சருக்கும் தனித்தனிச் சக்கரங்கள், 1/8000 நொடி வரை ஷட்டர், பகல் வெயிலிலும் ஃபிளாஷை உயர் ஷட்டர் வேகத்தோடு பயன்படுத்தும் வசதி, லென்ஸ் சற்று முன்னாலோ பின்னாலோ ஃபோகஸ் செய்தால் அதைத் திருத்திக்கொள்ளும் வசதி ஆகியவையும் பொதுவானவை.

இவற்றைவிட முக்கியமாக, இரண்டு பாடிகளிலும் ஃபோகஸ் மோட்டார் உள்ளது. தொடக்கநிலை நிக்கான்களில் அது இல்லாததால், சொந்த மோட்டார் இல்லாத 50 மி.மீ. எஃப்/1.8டி, 85 மி.மீ. எஃப்/1.8டி போன்ற பழைய ஏஎஃப் லென்ஸ்களைப் பொருத்தினால் கையால்தான் வளையத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. பயன்படுத்திய பொருள் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் அந்த லென்ஸ்கள் இனி முழுமையாக இயங்கும். பாடிக்குச் செலவிட்ட பணத்தின் ஒரு பகுதி இந்த வழியிலேயே திரும்பிவிடும்.

வேகமும் பஃபரும்

இரண்டுக்கும் நடுவிலுள்ள மிகப் பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. டி7200 நொடிக்கு 6 படங்கள் எடுக்கும். ஆனால் 14-பிட் ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) பதிவு செய்தால் 5 ஆகக் குறையும். இழப்பில்லாத சுருக்கத்தில் 18 ரா படங்கள் எடுத்ததும் பஃபர் (கார்டில் எழுதும்வரை படங்கள் காத்திருக்கும் தற்காலிக நினைவகம்) நிரம்பிவிடும். நான்கு நொடிக்குள் கேமரா மூச்சு வாங்கத் தொடங்கும் என்று பொருள். டி7500 நொடிக்கு 8 படங்கள் எடுத்து, அதே 14-பிட் ராவில் 50 படங்கள் வரை தாங்கும். ஆறு நொடிக்கு மேல் இடைவிடாமல் ஓடும்.

இந்த எண்கள் களத்தில் எப்படி உணரப்படும் என்பதை ஒரு பறவையை வைத்துப் பார்க்கலாம். வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரை ஒன்று அலகில் குச்சியுடன் தொலைவில் தெரிகிறது. வட்டமடித்து, இறக்கையை விரித்து, காலை நீட்டிக் கூட்டில் இறங்குகிறது. அனுபவம் இல்லாதவர் அது வட்டமடிக்கும்போதே பொத்தானை அழுத்தத் தொடங்கிவிடுவார். டி7200-இல் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் வியூஃபைண்டரின் அடியில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தோடு ஓர் எண் தெரியும். இன்னும் எத்தனை படங்களுக்குப் பஃபரில் இடம் உள்ளது என்பதைக் காட்டும் எண் அது. நாரை காலை நீட்டும் நேரத்தில் அந்த எண் சுழியத்துக்கு வந்துவிட்டிருந்தால், கூட்டில் இறங்கும் படம் கிடைக்காது. டி7500-இல் அதே ஆள் அதே அவசரத்தோடு அழுத்தினாலும் தப்பித்துவிடுவார். டி7200 வைத்திருப்பவர் காத்திருந்து, இரண்டு மூன்று படங்களாகச் சிறு சிறு தொடர்களில் எடுக்கப் பழக வேண்டும், அல்லது ஜேபெக்கில் எடுக்க வேண்டும். பழகிவிட்டால் முடியாததில்லை, ஆனால் பறவை, விளையாட்டு, ஓடியாடும் குழந்தைகள் ஆகியவற்றை முதன்மையாக எடுப்பவருக்கு டி7500 அந்தச் சிரமத்தை வைக்காது. நான்கைந்து புள்ளிகளைச் சேர்த்து ஒரே புள்ளியைப் போல் இயக்கும் குழுநிலை ஃபோகஸ் முறையும் டி7500-இல் மட்டுமே உண்டு. கிளைகள் குறுக்கிடாத வெளியில் பறக்கும் பறவையைப் பிடிக்க அது மிகவும் உதவும்.

மெகாபிக்சல் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. டி7200-இன் 24.2 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம், டி7500-இன் 20.9 மெகாபிக்சல் படம் 5568 பிக்சல் அகலம். இந்த ஏழு விழுக்காட்டு வேறுபாட்டைச் சுவரில் மாட்டிய படத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உயர் ஐஎஸ்ஓவில் டி7500 சற்றுத் தூய்மையாக இருக்கும் என்றாலும் அந்த வேறுபாடு ஒரு ஸ்டாப்பைக்கூட (ஒளி இரு மடங்காகும் அளவு) எட்டாது. டி7500-இன் அதிகபட்ச ஐஎஸ்ஓ 16,40,000 என்று பெருமையோடு சொல்லப்படுவது விளம்பரத்துக்கானது. அந்த அளவில் எடுத்த படத்தில் புள்ளிகளைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

மண்டப விளக்கும் இரண்டாவது கார்டும்

திருமணம், மேடை நிகழ்ச்சி, உள்ளரங்க விளையாட்டு ஆகியவற்றை எடுப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். இரண்டு கேமராக்களும் இங்கே எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், குழல் விளக்கும் தரம் குறைந்த எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் 1/500 நொடியில் தொடர்ச்சியாகப் பத்துப் படங்கள் எடுத்தால் சில வெளிச்சமாகவும், சில மங்கலாகவும், சில பாதிச் சட்டம் மட்டும் மஞ்சள் படிந்தும் வரும். டி7500 இந்தத் துடிப்பைக் கண்டறிந்து, ஒளி உச்சத்தில் இருக்கும் கணம் வரை காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். வியூஃபைண்டர் வழியாக ஒளிப்படம் எடுக்கும்போதே இது இயங்கும். டி7200-இல் இத்தகைய திருத்தம் திரையைப் பார்த்து எடுக்கும் முறைக்கும் வீடியோவுக்கும் மட்டுமே உள்ளது. அதில் ஒளிப்படத்துக்கு உள்ள வழி, ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்துக்கொள்வதுதான். தாலி கட்டும் நேரத்தில் மணமக்கள் பெரிதாக அசைவதில்லை என்பதால் 1/100 தாங்கும். கெட்டிமேளம் கொட்டியதும் பறந்துவரும் அட்சதை மட்டும் கோடு கோடாக விழும்.

மறுபுறம், டி7200-இல் இரண்டு கார்டு இடங்கள் உள்ளன. முதல் கார்டு நிரம்பியதும் இரண்டாவதற்குச் செல்லும்படி வைக்கலாம். ராவை ஒன்றிலும் ஜேபெக்கை மற்றொன்றிலும் எழுதச் சொல்லலாம். எல்லாப் படங்களையும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியச் சொல்லலாம். மெமரி கார்டு கெடுவது அடிக்கடி நடப்பதில்லைதான். ஆனால் அது கெடும்போது முன்னறிவிப்பு எதுவும் இருக்காது, முகூர்த்தத்தை மறுபடியும் நடத்தச் சொல்லவும் முடியாது. டி7500-இல் ஒரே ஒரு எஸ்டி கார்டு இடம்தான்.

இந்த இரண்டையும் எடைபோட்டால், பணம் வாங்கிக்கொண்டு பிறர் வீட்டு நிகழ்ச்சியை எடுப்பவர் டி7200-இன் பக்கம் நிற்பதே சரி என்பது என் கருத்து. விளக்கின் துடிப்பைச் சமாளிக்க ஷட்டர் வேகமும் ஃபிளாஷும் உண்டு. தொலைந்த படத்துக்கு மாற்று கிடையாது. தன் வீட்டுக்காகவும் விருப்பத்துக்காகவும் மட்டும் எடுப்பவருக்கு இந்த அச்சம் பொருந்தாது. நல்ல கார்டு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு முறையும் படங்களைக் கணினிக்கு மாற்றியபின் கேமராவிலேயே ஃபார்மட் செய்துகொண்டால் ஒரே கார்டில் காலம் தள்ளலாம்.

லென்ஸ் அலமாரி

1977-இல் தொடங்கிய ஏஐ வகை மேனுவல் லென்ஸ்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அப்பாவோ மாமாவோ விட்டுச்சென்ற பழைய 50 அல்லது 105 மி.மீ. நிக்கார் ஒன்று பெட்டிக்குள் கிடந்தால், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டி7200-இன் லென்ஸ் வளையத்தைச் சுற்றி ஒரு சிறு நெம்புகோல் உள்ளது. லென்ஸில் வைத்த அபர்ச்சரை அது கேமராவுக்குத் தெரிவிக்கும். லென்ஸின் குவியத் தூரத்தையும் அதிகபட்ச அபர்ச்சரையும் மெனுவில் ஒருமுறை பதிந்துவிட்டால், ஒளியளவி வழக்கம்போல் வேலை செய்யும். டி7500-இல் அந்த நெம்புகோல் இல்லை. அதே லென்ஸ் அதிலும் பொருந்தும், படமும் எடுக்கும். ஆனால் மேனுவல் முறையில், ஒளியளவி இல்லாமல், ஒரு படம் எடுத்துப் பார்த்துத் திருத்தித் திருத்தித்தான் போக வேண்டும். பழைய லென்ஸ்களில் ஆர்வம் உள்ளவருக்கு இது ஒன்றே முடிவைச் சொல்லிவிடும்.

புதிய ஏஎஃப்-பி வகை லென்ஸ்கள் வைத்திருப்பவர் டி7200 வாங்கினால், அதன் ஃபர்ம்வேரை (கேமராவின் உள்மென்பொருளை) புதுப்பித்துக்கொள்ள வேண்டும். டி7500-இல் அவை நேரடியாக இயங்கும்.

இந்தக் கேமராக்களில் லென்ஸ் பொருத்தும் அமைப்பான எஃப் மவுன்ட் இனி எவ்வளவு நாள் என்ற கேள்வியும் இங்கே எழும். 1959-இல் தொடங்கிய அந்த மவுன்ட்டுக்குப் பதிலாக 2018 முதல் நிக்கானின் கவனம் இசட் மவுன்ட் மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களின் பக்கம் திரும்பிவிட்டது. டி7500-க்கு அதே வரிசையில் அடுத்த மாடல் வரவில்லை. பின்னால் இசட் பக்கம் போகும்போது எஃப்டிஇசட் அடாப்டரில் சொந்த மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்களின் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களில் அது வேலை செய்யாது. எனவே ஏஎஃப்-டி லென்ஸ்களை விலை குறைவு என்பதற்காக அடுக்கடுக்காக வாங்கிவிட வேண்டாம், ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையில் 18-55 ஒன்றைத் தவிர வேறு லென்ஸே இல்லாதவர், இந்த இரண்டு கேமராக்களையும் விட்டுவிட்டு நேராக மிர்ரர்லெஸ் பக்கம் போவதையும் எண்ணிப் பார்க்கலாம்.

திரை, வீடியோ, பேட்டரி

டி5300 அல்லது டி5600-இன் மடங்கித் திரும்பும் திரைக்குப் பழகியவருக்கு டி7200-இன் அசையாத திரை முதல் வாரத்திலேயே எரிச்சலூட்டும். தரையோடு தரையாகக் கேமராவை வைத்துக் காளானையோ கோலத்தையோ எடுக்க, படுத்துத்தான் ஆக வேண்டும். டி7500-இன் திரை மேலும் கீழும் சாயும், தொட்டால் இயங்கும். ஆனால் பக்கவாட்டில் திரும்பாது என்பதால், கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது பயன் குறைவு.

வீடியோ முதன்மையான தேவை என்றால் இரண்டையும் வாங்க வேண்டாம் என்பேன். டி7500-இல் 4கே உண்டு. ஆனால் அப்போது சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பயன்படுவதால், 18 மி.மீ. லென்ஸ்கூட முழுச்சட்டக் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார்) கணக்கில் 40 மி.மீ. போலச் சுருங்கிவிடும், சிறிய அறைக்குள் நாலு பேரை ஒரு சட்டத்தில் அடக்குவது சிரமம். வீடியோவின்போது ஃபோகஸ் முன்னும் பின்னும் தடுமாறும் குறை இரண்டிலும் அப்படியே இருக்கிறது.

பேட்டரியில் டி7200 சற்று முன்னே: ஒரு முறை சார்ஜ் செய்தால் ஏறத்தாழ 1,100 படங்கள், டி7500-இல் 950. எடையில் டி7500 சற்று இலகு, பிடிப்பு இன்னும் ஆழம். பெரிய கை உள்ளவர்கள் இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தே முடிவெடுப்பது நல்லது.

பறவை, விளையாட்டு, குழந்தைகள், மேடை ஆகியவற்றில் ஒன்று உங்கள் முதன்மைப் பொருள் என்றால் டி7500. நிலக்காட்சி, கோயில் சிற்பம், கூலிக்கு எடுக்கும் நிகழ்ச்சி, பழைய லென்ஸ் என்றால் டி7200. எதிலும் தீவிரமாக இறங்காமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் எடுப்பவருக்கு, விலை வேறுபாடு தாங்கும் அளவில் இருந்தால், டி7500-ஐயே சொல்வேன். அந்த வேறுபாடு ஒரு நல்ல லென்ஸின் விலைக்குச் சமமாகிவிட்டால், டி7200-ஐ வாங்கி மிச்சப் பணத்துக்கு அந்த லென்ஸை வாங்குங்கள்.

பயன்படுத்திய பாடியைச் சோதிக்கும் முறை

டி7200 இனிப் பயன்படுத்தியதாகவே கிடைக்கும். டி7500-ஐயும் பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள். விற்பவரைச் சந்திக்கப் போகும்போது உங்கள் லென்ஸ் ஒன்றையும், இரண்டு மெமரி கார்டுகளையும், ஒரு சிறு டார்ச்சையும் எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் ஒரு ஜேபெக் படம் எடுத்து, அந்தக் கோப்பை எக்ஸிஃப்டூல் போன்ற செயலியில் திறந்தால், ஷட்டர் அதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற எண் தெரியும். இரண்டு மாடல்களின் ஷட்டரும் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டவை. அதன் பாதியைத் தாண்டாத பாடி விருப்பத்துக்காக எடுப்பவருக்குப் பல ஆண்டுகள் உழைக்கும். ஒரு லட்சத்தைத் தாண்டிய பாடிக்கு விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். எண் குறைவாக இருந்தும் பிடியின் ரப்பர் வெளுத்து உப்பியிருந்தால், கேமரா வெயிலிலும் ஈரத்திலும் பாடுபட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, லென்ஸை எஃப்/16-இல் வைத்து, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான சாம்பல் நிறப் புள்ளிகள் தூசு, துடைத்தால் போய்விடும். நூல்போல் நெளிந்த கோடுகள் தெரிந்தால் முடியாகவோ பூஞ்சையாகவோ இருக்கலாம். கடலோர ஊர்களில் கேமராவைத் தோல் பையிலேயே பூட்டி வைத்திருப்பவர்கள் அதிகம் என்பதால், டார்ச்சை அடித்து வியூஃபைண்டருக்குள்ளும் பார்த்துவிடுங்கள். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டபடி சில நொடிகள் திறந்திருக்கும் ஒரு படம் எடுத்து, எரிந்து நிற்கும் வண்ணப் புள்ளிகள் உள்ளனவா என்று பாருங்கள். ஒன்றிரண்டு இருப்பது இயல்பு.

மெனுவில் பேட்டரி விவரம் என்ற பகுதியில் அதன் வயது 0 முதல் 4 வரையிலான எண்ணாகக் காட்டப்படும். 0 புதியது, 4 என்றால் மாற்ற வேண்டிய காலம். 3 அல்லது 4 இருந்தால் புதிய அசல் பேட்டரியின் விலையைக் கழித்துக் கேட்பதில் தவறில்லை. டி7200 என்றால் இரண்டு கார்டு இடங்களிலும் கார்டு போட்டு எழுதிப் பாருங்கள். ஒன்று கெட்டிருந்தால் அந்தக் கேமராவை வாங்குவதற்கான பாதிக் காரணம் போய்விட்டது. ஃபிளாஷ் தானாக எழும்புகிறதா, இரண்டு சக்கரங்களும் தவறாமல் எண்ணை மாற்றுகின்றனவா என்பதையும் பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள்.

உங்கள் பழைய டி3000 அல்லது டி5000 வரிசைக் கேமராவின் இஎன்-இஎல்14 வகைப் பேட்டரி இவற்றில் பொருந்தாது. இரண்டும் இஎன்-இஎல்15 வகையைச் சேர்ந்தவை. எனவே பழைய பேட்டரிகளையும் சார்ஜரையும் பழைய பாடியோடு சேர்த்தே விற்கலாம். ஆனால் புதிய கேமராவை ஒரு மாதமாவது பயன்படுத்தி, அதன் ஃபோகஸ் உங்கள் எல்லா லென்ஸ்களோடும் சரியாக விழுகிறது என்று உறுதி செய்துகொண்டபின் விற்பது நல்லது.